எருமப்பட்டி வீட்டு உறவுகள்

சுப்பு பெரியப்பா: (ஃபார்வர்டு) *அமெரிக்கா அயோவாவில் பண்ணையில் வீடியோ எடுத்தால் 2 வருடம் ஜெயில்!! அனைவருக்கும் பகிரவும்*

கோமதி: ஐயோ. அங்க படிக்கற நம்ம கார்த்திய நாளைக்குக் காலேஜ்ல பன்னிப் பண்ணைக்குக் கூட்டீட்டுப் போறாங்க. நாந்தான் வீடியோ கேட்டேன்

ராசு சித்தப்பா: போச்சு

கோமதி: வித்யா கண்ணு, நெசமா?

வித்யா: கால்வாசி நெசம் சித்தி. அது 2021 சட்டம். அத்துமீறி உள்ள பூந்து கேமரா வெச்சாலோ, கையில வெச்சு எடுத்தாலோ முதல் தடவையே 2 வருசம் வரைக்கும் போகலாம். கார்த்திய அவங்களே கூப்புட்டு உள்ள விடறாங்க, அவனுக்கு இது பொருந்தாது. ஆனா பண்ணைக்காரர் "வெளிய போ"ன்னு சொன்ன பொறவும் நின்னா அதுவும் அத்துமீறல்தான். அப்ப கேமரா ஓடீட்டிருந்தா வம்பு.

ராசு சித்தப்பா: வக்கீலம்மா ஆரம்பிச்சாச்சு

சுப்பு பெரியப்பா: 🙏

கார்த்தி: அக்கா, அயோவா சட்டத்தைக் கோர்ட்டு தள்ளீருச்சே?

வித்யா: அது 2012ல போட்டது, 2019 ஜனவரில தள்ளுனாங்க. மார்ச்லயே வேற வாசகத்துல புதுசு வந்துருச்சு. வீடியோவத் தடுத்தா பேச்சுரிமைன்னு கோர்ட்டுல அடி விழுது. அதனால ரெண்டு சட்டமும் பொய் மேலதான் கை வெச்சுது. புதுசுல: கெடுதல் பண்ற நோக்கத்துல ஏமாத்தி உள்ள வந்தா, ஏமாத்தி வேலைக்குச் சேந்தா குத்தம். பண்ணைக் கொடுமைய ரகசியமா வீடியோ எடுக்கற விலங்கு நல ஆளுங்க உள்ள போற வழியே வேலைக்கு மனு போடறதுதான். "விலங்கு நல அமைப்புல இருக்கியா?"ன்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி, "இல்ல"ன்னு எழுதுனா மாட்டிக்குவாங்க. சட்டைப் பட்டன் கேமராவெல்லாம் அப்பறம். இதையும் 2021 சட்டத்தையும் 2024 ஜனவரில மேல்முறையீட்டுக் கோர்ட்டு செல்லும்னுருச்சு.

கோமதி: காதுகுத்துக்குக் கெடா எத்தனைன்னு இன்னும் யாரும் சொல்லல

ராசு சித்தப்பா: 3

கோமதி: போன தடவ 2 பத்தலைன்னு யார் சத்தம் போட்டாங்க?

ராசு சித்தப்பா: அண்ணனக் கேளு. மோட்டார் ரிப்பேர் காசும் அங்கதான் நிக்குது

சுப்பு பெரியப்பா: அதைய இங்க எதுக்குடா

கார்த்தி: எல்லா ஸ்டேட்லயும் இப்படியா?

வித்யா: இல்ல. ஐடஹோவுல 2018ல வீடியோத் தடையே போச்சு, கெடுதல் நோக்கத்துல பொய் சொல்லி வேலைக்குச் சேர்றதுக்கும், பொய் சொல்லி ஆவணம் வாங்கறதுக்கும் இருந்த தடை செல்லும்னுட்டாங்க. மிசௌரி வேற மாதிரி. பண்ணையில வேலை செய்யறவன் கொடுமைன்னு நெனச்சு எடுத்த வீடியோவ 24 மணி நேரத்துல போலீஸ்ல குடுக்கோணும். கேக்க நல்லாத்தான் இருக்கும். முதல் கிளிப்பக் குடுத்தவொடனே ஆள் யார்னு தெரிஞ்சிரும், வேலை அங்கயே நின்னுரும். ஒரே கிளிப்புன்னா "ஒருத்தன் பண்ணுன தப்பு"ன்னு தள்ளீருவாங்க. தெனமும் நடக்குதுன்னு காட்ட வாரக்கணக்காகும். 2008ல கலிபோர்னியா சீனோவுல இப்படி ஒரு வீடியோதான், எந்திரிக்க முடியாத மாட்ட ஃபோர்க்லிஃப்ட்ல தள்ளுனது. கிட்டத்தட்ட 6.5 கோடி கிலோ மாட்டுக்கறியத் திருப்பி எடுக்கறதா அறிவிச்சாங்க.

ராசு சித்தப்பா: 6.5 கோடியா

கோமதி: சோறு திங்கற நேரத்துல

கார்த்தி: எப்படியும் போன் உள்ள விட மாட்டாங்கம்மா. உள்ள போகையில குளிச்சு அவங்க துணி, வெளிய வரையிலயும் குளிக்கோணும். 72 மணி நேரத்துல வேற பன்னிப் பண்ணைக்குப் போயிருக்கக் கூடாதுன்னு மெயில் வந்துருச்சு. பிஆர்ஆர்எஸ்ங்கற பன்னி நோய் வைரஸ் பூந்தா தாய்ப்பன்னிக்குக் கருக்கலையும்

ராசு சித்தப்பா: நம்ம கோழிப்பண்ணை வாசல்ல டயருக்கு மருந்தடிக்கறாப்பல

கார்த்தி: ஆமா சித்தப்பா. ஆனா குளிக்கோணும்

ராசு சித்தப்பா: அண்ணன் வந்தா குளிக்க வெக்கலாம்

கோமதி: 😂😂

கோமதி: அப்ப ரோட்டுல நின்னு எடு சாமி

வித்யா: ரோடு பொது எடம்தான். ஆனா யூட்டால 2013ல ஒரு பொண்ணு ரோட்டுல நின்னு கசாப்புக்கூடத்த எடுத்ததுக்கே கேஸ் போட்டாங்க. அப்பறம் வாபஸ். சட்டமே 2017ல ரத்தாச்சு. பேராசிரியர்கிட்டக் கேட்டுட்டு எடுக்கட்டும்

கார்த்தி: கேக்கறேன்

சுப்பு பெரியப்பா: வித்யா, நீ எழுதுனத ரைஸ்மில் குரூப்புல போடட்டா?

வித்யா: வேண்டாம்ப்பா

சுப்பு பெரியப்பா: போட்டுட்டேன்

கோமதி: கெடா 2ஆ 3ஆ?