‘பின்’ (pin, உருளை ஆணி) இணைப்பு ட்ரஸ் (முக்கோணச் சட்டக) பாலம்: எந்த வகை, எந்தக் காலம், தார் போடலாமா?

கேள்வி:
கிராமச் சாலையில் பழைய இரும்புப் பாலம். நடுவில் தூணின்றி 36 மீட்டர் நீளம், 6 பேனல் (செங்குத்துத் தண்டுகளுக்கு இடைப்பட்ட கட்டம்), ட்ரஸ் உயரம் 6 மீட்டர், தள அகலம் 4.5 மீட்டர். சாய்வுத் தண்டுகள் ஜோடி ஜோடியாகத் தட்டைப் பட்டைகள். பட்டை முனையிலுள்ள துளையில், அதாவது கண்ணில், தடித்த பின் செருகியிருக்கிறது. நடு இரண்டு பேனல்களில் மட்டும் மெல்லிய கம்பி எதிர்ச்சாய்வாக ஓடுகிறது. ட்ரஸ் வகைகளில் இது பிராட்டா, ஹோவா, வாரனா? தளத்தின் மேல் 5 செ.மீ. தார்க்கலவை போடலாமா? பின் அருகே அரித்த பட்டையை வெல்டிங்கில் கெட்டிப்படுத்தலாமா?

பதில் 1:
பட்டையே சொல்லிவிடுகிறதே. தட்டைப் பட்டை இழுவிசையைத்தான் தாங்கும், அமுக்கினால் வளைந்துவிடும். சாய்வுத் தண்டின் கீழ்முனை பாலத்தின் நடுவை நோக்கி இறங்கினால் பிராட்தான். தாமஸ் பிராட், கேலப் பிராட் இருவரும் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவம். நீளமான தண்டு இழுவிசையில், குட்டைத் தண்டு அமுக்கத்தில். இரும்புக்கு இது கச்சிதம். 1840-ன் ஹோ ட்ரஸ் நேர் எதிர்: அமுக்கம் வாங்கும் சாய்வுகள் மரம், செங்குத்தில் இரும்புக் கம்பி. 1848-ன் வாரன் முக்கோண வரிசை.

நடுவிலுள்ள மெல்லிய கம்பியை வீண் என்று கழற்றிவிடாதீர்கள். லாரி பாலத்தின் ஒரு பாதியில் மட்டும் நிற்கும்போது நடுப் பேனலில் வெட்டுவிசை (பேனலின் இரு பக்கத்தையும் மேலும் கீழுமாகத் தள்ளும் விசை) திசை மாறும், அதைப் பிடிப்பது அதுதான்.

காலம்: பின் இணைப்பு பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ன் தொடக்கம் வரை. காற்றழுத்த ரிவெட் கருவியைப் பாலத்தடிக்கே கொண்டுபோக முடிந்த பிறகு ரிவெட் இணைப்பு வந்துவிட்டது. 1890-களில் தேனிரும்பு (கசடு இழை கலந்த பழைய வகை இரும்பு) போய் எஃகு வந்தது. நுழைவுச் சட்டத்தின் உச்சியில் பெயர்ப்பலகை இருந்த தடமாவது இருக்கும். தண்டுகளின் பக்கவாட்டில் உருக்காலைப் பெயர் புடைப்பாக உருட்டப்பட்டிருக்கிறதா என்று பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள்.

பதில் 2:
தார் பற்றி. கணக்கு எளிது. 5 செ.மீ. தார்க்கலவை சதுர மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோநியூட்டன். 4.5 மீட்டர் அகலத்தில் மீட்டருக்கு 5.2. இரு பக்கமும் ஒவ்வொரு ட்ரஸ், ஆக ஒரு ட்ரஸ்ஸுக்கு 2.6.

உதாரணத்துக்கு ஒரு ட்ரஸ்ஸின் நிலைச்சுமை (பாலத்தின் சொந்த எடை) மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்று வையுங்கள். நடுவில் திருப்புத்திறன் (வளைக்கும் விளைவு) 10 × 36 × 36 ÷ 8 = 1620 கிலோநியூட்டன்-மீட்டர். அதை 6 மீட்டர் உயரத்தால் வகுத்தால் மேல்நாணில் (ட்ரஸ்ஸின் மேல் விளிம்புத் தண்டில்) 270 கிலோநியூட்டன் அமுக்கம். தார் போட்டதும் 340. ஒரு வண்டிகூட ஏறவில்லை, அதற்குள் 70 போய்விட்டது. அடுத்த முறை பழைய அடுக்கைச் சுரண்டாமல் மேலேயே போடுவார்கள், இன்னொரு 70. இதில்தான் பல பாலங்கள் மாட்டுகின்றன.

கேட்டவர்:
முனையிலிருந்து முதல் செங்குத்தும் மெல்லிய பட்டைதான், மற்றவை சேனல் (ப வடிவ இரும்பு). யாரோ மாற்றிவிட்டார்களா?

பதில் 2:
இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. முதல் செங்குத்து வெறும் தொங்கல், கீழே குறுக்கு உத்தரத்தைப் பிடித்து நிற்கிறது. என் உதாரணத்தில் ஒரு பேனல் 6 மீட்டர், மீட்டருக்கு 10, ஆக அதற்கு 60 கிலோநியூட்டன் இழுவிசை. வேடிக்கை என்னவென்றால், அதே சுமையில் நட்டநடு செங்குத்துக்கு விசை சுழியம்.

பதில் 3:
வெல்டிங் வேண்டவே வேண்டாம். தேனிரும்பில் கசடு இழையிழையாக ஓடும், அடுக்கு பிரியும். பழைய எஃகானால் கந்தகம், பாஸ்பரஸ் எவ்வளவு என்று சோதிக்காமல் தெரியாது. வெல்டின் சூடு பட்ட விளிம்பில் விரிசல் பிறக்கும். 1967 டிசம்பர் 15-ல் அமெரிக்காவின் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். அது தொங்குபாலம், ஆனால் காரணம் இதே கண்-பட்டை: கண்ணின் உள்விளிம்பில் சுமார் 2.5 மி.மீ. ஆழ விரிசல். ஜோடியில் ஒன்று அறுந்ததும் மொத்தமும் போனது.

பார்க்கும் வரிசை: முதலில் பின். முனையைச் சுத்தம் செய்து மீயொலிச் சோதனை. பிறகு ஜோடிப் பட்டைகளைச் சுத்தியலால் தட்டுங்கள். ஒன்று 'ணங்' என்றும் மற்றது 'தொப்' என்றும் ஒலித்தால், ஒன்றே இரண்டின் சுமையையும் சுமக்கிறது. மூன்றாவது, தகடுகளுக்கு இடையே துரு. இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துத் தகட்டைப் பிளக்கும். கடைசியாக ரோலர் (பாலம் நீளும்போது நகர முனையின் அடியில் வைத்த உருளை). 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 36 மீட்டர் சுமார் 17 மி.மீ. நீளும். ரோலர் மண்ணில் இறுகியிருந்தால் அந்தத் தள்ளல் முழுக்க அணைச்சுவருக்கு (பாலத்தின் முனையைத் தாங்கும் கரைச்சுவர்) போகும், சுவரில் படுக்கை விரிசலாகத் தெரியும்.