கற்பனை விண்கல மாதிரி: செய்தவர்களின் அனுபவக் குறிப்புகள்

நிஜ விமானத்துக்கு மாதிரி செய்பவரிடம் வரைபடம் உண்டு, புகைப்படம் உண்டு. கற்பனைக் கலத்துக்கு இரண்டும் கிடையாது. அதனால் முதலில் ஆளை அளந்துகொள்ளுங்கள். 175 செ.மீ. உயரமுள்ளவர் 1/72 அளவில் (அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) 24 மி.மீ., 1/144-இல் 12 மி.மீ., 1/350-இல் 5 மி.மீ., 1/1000-இல் 2 மி.மீ.க்கும் குறைவு. கதவு, சன்னல், ஏணிப்படி எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்க வேண்டும். அட்டையில் அந்த உயரத்துக்கு ஓர் ஆள் உருவம் வெட்டி வைத்துக்கொண்டு, எந்தப் பாகத்தையும் ஒட்டும் முன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கலத்தின் மேல்தகடுகள் சேரும் இடத்தைக் காட்டக் கீறும் தகட்டுக் கோடுகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். 0.2 மி.மீ. அகலக் கீறல் 1/72-இல் ஒன்றரை செ.மீ. இடைவெளி, பொறுத்துக்கொள்ளலாம். அதே கீறல் 1/1000-இல் 20 செ.மீ. அகலப் பள்ளம்! ஒரு கிலோமீட்டர் நீளக் கலம் பொம்மையாகத் தெரிவது இதனால்தான். அவ்வளவு சிறிய அளவில் கத்தியைத் தொடவே வேண்டாம். அடிப்படைச் சாம்பல் நிறத்தோடு துளி வெள்ளை, துளி கறுப்பு சேர்த்து இரண்டு சாயல் கலந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி மாறி மாறி அடித்தாலே தகடுகள் பிரிந்து தெரியும்.

* * *

மேலே சொன்னது அத்தனையும் சரி. அதோடு சேர்த்து, கலம் எதன்மேல் நிற்கப் போகிறது, மின்கம்பி எந்த வழியாக வெளியே வரும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். 1964-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த 11 அடி என்டர்பிரைஸ் விண்கல மாதிரியில் விளக்குக் கம்பிகள் இடப்பக்கமாக வெளியேறின. அந்தப் பக்கத்துக்கு முழு வேலைப்பாடு கிடையாது. வலப்பக்கத்தைத்தான் படம் பிடித்தார்கள். வீட்டு மேசையில் வைக்கும் மாதிரிக்கு அந்தச் சலுகை இல்லை, நாலு பக்கமும் பார்ப்பார்கள்.

நீளமான கலத்துக்கு முதுகெலும்பாகப் பித்தளை அல்லது அலுமினியக் குழாய். அதில் 40–50 மி.மீ.க்கு ஒன்றாக 1.5 மி.மீ. ஸ்டைரீன் (மாதிரி செய்யப் பயன்படும் பிளாஸ்டிக் தகடு) குறுக்குச் சட்டங்கள், மேலே 0.5 அல்லது 1 மி.மீ. தகடு. சட்டங்கள் விலகிப் போனால் மெல்லிய தகடு இடையில் குழிந்து, பளபளப்புப் பூச்சு ஏறியதும் அலை அலையாகத் தெரியும். எலும்புக்கூட்டை நூலில் தொங்கவிட்டு, எங்கே சமநிலை வருகிறதோ அங்கே கலத்தை நிறுத்தும் தாங்கு குழாய். பின்னால் எஞ்சின் பாகங்கள் ஏறுமாதலால் அந்த எடையைத் தோராயமாகக் கட்டிவிட்டுத் தொங்கவிடவும்.

* * *

பசை பற்றி. ஸ்டைரீனுக்குக் கரைப்பான் பசை; அது இரண்டு தகட்டையும் உருக்கி ஒன்றாக்குகிறது. பி.வி.சி. குழாயிலும் ரெசின் முப்பரிமாண அச்சிலும் அதை நம்பாதீர்கள். சூப்பர் க்ளூ அல்லது எபாக்சிதான். ஷாம்பூ பாட்டில் மூடி போன்ற பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் பொருள்களில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பெயின்ட்டும் உரிந்து வரும். வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

மூடிய உடலுக்குள் சிக்கிய கரைப்பான் ஆவி வெளியேற வழியில்லாமல் தகட்டை உள்ளிருந்தே இளக்கும். வாரங்கள் கழித்து மேற்பரப்பு அமுங்கும். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் 2 மி.மீ. துளை போட்டு, தாங்கு குழாய் வழியாக வெளிக்காற்றோடு இணைத்தால் போதும். ஒட்டிய இணைப்பை மறுநாளே தேய்த்துச் சமப்படுத்தினால் அது பிறகு சுருங்கி, பெயின்ட்டுக்கு மேலே கோடாகத் திரும்பி வரும். ஒரு வாரம் விடுங்கள். அவசரமென்றால் சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடர் குழைத்து நிரப்பலாம். அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். விட்டால் சுற்றியுள்ள ஸ்டைரீனைவிடக் கெட்டியாகி, உப்புத்தாள் பக்கத்துத் தகட்டைத்தான் தின்னும்.

ரெசின் அச்சை உள்ளீடற்றதாக எடுத்தால் வடிகால் துளை இரண்டு வேண்டும். உள்ளே கடினமாகாத ரெசின் தங்கினால் பிற்பாடு வெடித்துக் கசியும், மேல் பூச்சும் போய்விடும்.

* * *

கலத்தின் மேல் நுணுக்கம் காட்டப் பழைய மாதிரிக் கிட்களின் (டாங்கி போன்றவை) பாகங்களை ஒட்டும்போது: டாங்கிச் சக்கரம் சக்கரமாகவே தெரிந்தால் கலம் செத்தது. பாதியாக வெட்டுங்கள், கவிழ்த்து ஒட்டுங்கள், மேலே மெல்லிய பட்டை ஒன்று ஒட்டுங்கள். குழாய் என்றால் ஓர் இடத்தில் தொடங்கி ஓர் இடத்தில் முடிய வேண்டும். எரிபொருள் கலன், வால்வு, எஞ்சின் என்று ஏதாவது காரணம் இருக்கட்டும். வெறும் பரப்பை நிறைய விடுங்கள். கண் இளைப்பாற இடம் இருந்தால்தான் நெருக்கமான பகுதி பெரிதாகத் தோன்றும்.

* * *

விளக்கு: 12 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. மூன்றைத் தொடராக இணைத்து 180 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் ஏறத்தாழ 15 மில்லிஆம்பியர் ஓடும். நல்ல வெளிச்சம், சூடும் அதிகமில்லை. உடலை மூடும் முன் உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை. கறுப்பு இல்லாவிட்டால் தகடே மங்கலாக ஒளிரும். இருட்டறையில் எரியவிட்டுப் பார்த்த பிறகே மூடுங்கள்.

சிறிய சன்னல்களுக்கு 0.25 அல்லது 0.5 மி.மீ. ஒளி கடத்தும் பிளாஸ்டிக் ஃபைபர் இழை. சூப்பர் க்ளூ அந்த இழையை நொறுங்க வைக்கும், வெள்ளைப் பசையே பாதுகாப்பு. இழைகளை 1 செ.மீ. வெளியே நீட்டிவிட்டு, பிரைமர், நிறம், மங்கல் வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு புதிய பிளேடால் மேற்பரப்போடு ஒட்ட நறுக்குங்கள். முன்பே நறுக்கினால் ஒவ்வொரு முனையிலும் பெயின்ட் அடைத்துக்கொள்ளும்.