போன் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க கொஞ்சம் கைகொடுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, நமக்கு தக்கலை பக்கம். தங்கச்சி நர்சிங் முடிச்சிட்டு நாகர்கோவில்ல வேலை பாக்கா. அடுத்த வாரம் இங்கிலாந்து ஆஸ்பத்திரி வேலைக்கு போன்லயே இன்டர்வியூ. எழுத, வாசிக்கப் பிரச்சினை இல்ல; போன்ல மட்டும் நாக்கு ஒட்டிக்கிடும்.

நேத்து ஒத்திகை பாத்தோம். எடுத்ததும் 'ஐ ஆம்'னு பேர் சொன்னா. போன்ல 'திஸ் இஸ்'தான் வழக்கம்னு திருத்தினேன். 'ஹோல்ட் ஆன்'னா லைன்ல இரு, 'ஹேங் அப்'னா போனை வச்சிடு. அந்தக் காலத்துல ரிசீவரைக் கொக்கியில மாட்டினதுல வந்த வார்த்தைன்னதும் சட்டுன்னு பிடிச்சுக்கிட்டா. 'புட் யூ த்ரூ'ன்னா வேற ஆளுக்கு இணைக்கிறது. 'யூ ஆர் பிரேக்கிங் அப்'னா சத்தம் விட்டு விட்டு வருதுன்னு அர்த்தம். இவ என்னமோ உறவு முறியுதுன்னு நெனச்சிட்டா! நம்பர் சொல்லும்போது பூஜ்யத்தை 'ஓ'ம்பாங்க, 77-ஐ 'டபுள் செவன்'ம்பாங்க.

எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். சரியா கேக்கலன்னா மறுபடி சொல்லச் சொல்லி மரியாதையா எப்படிக் கேக்கணும்? வெறும் 'வாட்?' முரட்டுத்தனமா இருக்குமோ? பேரை எழுத்துக்கூட்ட 'ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ'ன்னு சொல்ற முறையைப் பழகணுமா, 'ஏ ஃபார் ஆப்பிள்' போதுமா? அங்க இருக்கிற நர்ஸ் அக்காமார் யாராவது ஒரு பத்து நிமிஷம் அவகூட பேசிப் பழக்கினா பெரிய உபகாரம்.