வைஃபையில் ஃப்ளாக் பாட்டு விட்டுவிட்டு வருகிறது: ஸ்ட்ரீமரை மாற்றணுமா?

கேள்வி: நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டி) 24 பிட்/192 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய இசைக் கோப்பு). ஸ்ட்ரீமர் ராஸ்பெர்ரி பை 3 (சிறு கணினி), அதிலிருந்து யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் இசையை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) வழியாக ஆம்ப். வைஃபையில் பாட்டு அறுந்து அறுந்து வருகிறது. என்ன மாற்றலாம்?

பதில் 1: ஸ்டீரியோ 24/192 சுருக்காமலே நொடிக்கு 9.2 மெகாபிட்தான். வேகம் தாராளம், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் உள்ள நெரிசல்தான் காரணம். முதலில் ஈத்தர்நெட் கேபிள் போடுங்கள். அதற்குப் பிறகும் 'டிக்' சத்தம் கேட்டால் பை 3-ஐச் சந்தேகப்படுங்கள். அதில் ஈத்தர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே பாதையில் போகின்றன. பை 4-இல் தனித்தனி.

பதில் 2: டாக்குக்கு ஆப்டிகல் (ஒளியிழை) இணைப்பு வேண்டாம், பல கருவிகளில் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும். ஆம்ப் வால்யூமை இறக்கிவிட்டு, பிளேயரில் ரீசாம்ப்ளிங்கை (கோப்பின் கிலோஹெர்ட்ஸ் அளவை மாற்றுவதை) அணைத்து மென்பொருள் வால்யூமை 100-இல் வையுங்கள். டாக் திரை 192-க்குப் பதில் 48 காட்டினால் ரீசாம்ப்ளிங் இன்னும் ஓடுகிறது.

கேட்டவர்: கேபிள் போட்டதும் அறுபடவில்லை. திரையில் 192. நன்றி!