எச்.ஐ.வி. டெஸ்டுக்கு அவள் கையெழுத்து போதாதா?

தேனிக்காரி:
பெண்கல்வி பற்றிய விவாதத் திரியில் கணக்கு வாத்தியார் எழுதியிருக்கிறார்: "பெண் படித்திருந்தால் எச்.ஐ.வி. டெஸ்டுக்குத் தானாகப் போவாள். யார் தடுக்கப் போகிறார்கள்?" படித்ததும் வயிறு எரிந்தது. என் தங்கை எம்.எஸ்சி. முதல் பிரசவத்துக்குப் போன தனியார் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் படிவத்தை நீட்டி, "வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார்கள். அவர் கத்தாரில் இருந்தார். மாமனாரைக் கூட்டிவந்து போட வைத்தார்கள்! 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் தரவேண்டியது சோதனை செய்துகொள்கிறவர்தான்.

கணக்கு வாத்தியார்:
ஒரு ஆஸ்பத்திரி செய்த தப்புக்குக் கல்வியைக் குறை சொல்வதா? எம்.எஸ்சி. படித்தவர் "நானே போடுகிறேன்" என்று சொல்லியிருக்கலாமே. பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். படித்த பெண் வாய் திறப்பாள்.

தேனிக்காரி:
சொன்னாள். "எங்க ரூல்" என்றார்கள். எட்டாம் மாதத்தில் வேறு ஆஸ்பத்திரி தேடி அலையச் சொல்கிறீர்களா? கையெழுத்து யாருடையது என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

முன்னாள் ஆலோசகர்:
அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்டும் நடக்கும் இடத்தில், கணவர் கையெழுத்து கேட்பதில்லை. டெஸ்ட் இலவசம். முதலில் தனியாக உட்காரவைத்துப் பேசுவோம், அப்புறம்தான் ரத்தம் எடுப்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. கர்ப்பிணி என்பதால் மனைவிக்குத்தான் முதலில் டெஸ்ட். பாசிட்டிவ் என்றால் "நீதான் கொண்டுவந்தாய்" என்று மாமியார் வீட்டில் பழி. கணவருக்கும் டெஸ்ட் எடுக்கலாம் என்று கூப்பிட்டால் பலர் வருவதே இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். ஒழுங்காக மருந்து எடுத்தால் 5க்கும் கீழே. பழிக்குப் பயந்து அவள் மருந்தை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

கணக்கு வாத்தியார்:
அந்த மாமியார் படித்திருந்தால் அப்படிப் பேசுவாரா? சுற்றிச் சுற்றி என் இடத்துக்கே வருகிறீர்கள்.

தேனிக்காரி:
கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன மாதம் தடுப்பூசித் திரியிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

மெட்ராஸ்வாசி:
சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். 1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தது நம்ம சென்னையில், நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். இரண்டு படித்த பெண்கள்! வாத்தியார் பக்கம் நியாயம் இருக்கிறது.

தேனிக்காரி:
அந்த ரத்தம் யாருடையது? காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளுடையது. எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சோதித்தவர் படித்தவர். சோதிக்கப்பட்டவளை யார் கேட்டார்கள்?

மெட்ராஸ்வாசி:
சோதிப்பதற்காக வேலூருக்கு ரத்த மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த நிர்மலாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அவர் பெயர் பல வருஷம் வெளியிலேயே தெரியவில்லை.

தேனிக்காரி:
அவரை யார் குறை சொன்னது? சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறேன். 2018 செப்டம்பர் 10 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. கணவனிடம் சொன்னால் அடிப்பான், கைவிடுவான் என்ற அச்சம் இருந்தால் மருத்துவர்கூட அவனுக்குச் சொல்லக்கூடாது என்று அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட சட்டம் இருக்கும் ஊரில் மாமனார் கையெழுத்து எதற்கு?

கணக்கு வாத்தியார்:
அந்தச் சட்டத்தைப் பெண்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

தேனிக்காரி:
ஆஸ்பத்திரிக்காரர் படிக்கட்டும் முதலில்.

முன்னாள் ஆலோசகர்:
கணவர்களை டெஸ்டுக்கு வரவைப்பது பற்றி யாராவது பேசுவீர்களா?

கணக்கு வாத்தியார்:
முதலில் அந்தத் தடுப்பூசித் திரி. நான் நழுவினேன் என்றால் என் பதிவை எடுத்து ஒட்டுங்கள்.

தேனிக்காரி:
ஒட்டுகிறேன். கையெழுத்துக்குப் பதில் வந்த பிறகு.