60 நாள் பானம், கையில் 11 நாள்: வளரும் பான நிறுவனங்களில் திட்டமிட்டவர்களின் அனுபவங்கள்

உற்பத்தித் திட்டமிடுபவர்:

சர்க்கரை குறைந்த, பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத பானங்கள் செய்யும் நிறுவனங்கள் வளரத் தொடங்கும்போது, உற்பத்தி, சரக்கு, மென்பொருள் மூன்றையும் ஒன்றாகப் பொருத்தித் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இதே துறையில் இருப்பவர்கள் நேரில் பார்த்ததை எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு மிகவும் உதவும். நானே தொடங்குகிறேன்.

என்னைக் கூப்பிடுகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த ஈஆர்பி வாங்கலாம்?" என்றுதான். ஈஆர்பி என்றால் கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள். குளிரூட்டி விற்கும் பழச்சாறு நிறுவனம் ஒன்றிலும் அதே கேள்வி. விற்பனை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கூடவே, கடைச் சங்கிலியின் கிடங்கு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் சரக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நிறுவனர் மென்பொருள்காரர்கள் கொடுத்த விலைப்புள்ளிகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். "மேடம், இதை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு பாட்டிலோட 60 நாளும் எங்கெங்கே செலவாகுதுன்னு முதல்ல எழுதிடுவோம்" என்றேன்.

பலகையில் எழுதினோம். ஷெல்ஃப் லைஃப் 60 நாள். சரக்கு வந்து இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் மீதம் இருக்க வேண்டும் என்பது கடைச் சங்கிலியின் நிபந்தனை. அதற்கு 40 நாள் போனால் மிச்சம் 20. ஈஸ்ட், பூஞ்சைப் பரிசோதனை முடிவு வர 5 நாள்; அதுவரை சரக்கை வெளியே விட மாட்டார்கள். மிச்சம் 15. விநியோகஸ்தர் வழியாகச் சங்கிலியின் கிடங்குக்குப் போய்ச் சேர 4 நாள். மிச்சம் 11. ஆனால் ஒவ்வொரு சுவையையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் நிரப்பும் லைனில் ஓட்டினார்கள். 14 நாள் விற்பனைக்கு வேண்டியதை ஒரே ஓட்டத்தில் நிரப்பினால், கடைசி மூன்று நாளுக்கான சரக்கு நம் கிடங்கை விட்டுக் கிளம்பும்போதே வாங்குகிறவருக்கு ஆகாத சரக்கு. நிறுவனர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "அப்போ விக்கிறவங்க மேல நான் கோபப்பட்டதுக்கு அர்த்தமே இல்ல" என்றார்.

அதன் பிறகு கேள்வியே மாறிவிட்டது. ஒவ்வொரு சுவையும் வாரம் ஒரு முறை ஓட வேண்டும் என்றால் சுவை மாற்றும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். எனவே லைன் பக்கத்தில் போய் நின்றேன். பாட்டிலின் உயரம் மாறும்போது நிரப்பு இயந்திரத்தின் கைடு ரெயிலை ஆபரேட்டர் கண்ணளவில் நகர்த்தி, நாலு பாட்டில் ஓடவிட்டு, சாய்ந்தால் மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டில் அளவுக்கும் ரெயிலில் ஒரு நிறக்கோடு பொறித்து, நிறுத்தும் கட்டை ஒன்று வைத்ததும் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. அடுத்தது, எந்தச் சுவைக்குப் பின் எந்தச் சுவை என்ற வரிசை. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு, மென்மையான மணத்திலிருந்து இஞ்சி போன்ற காரமான மணத்துக்கு. ஒவ்வாமை தரக்கூடிய கொட்டைப்பால் பானம் எப்போதும் வாரக் கடைசியில், அதற்குப் பின் முழு சிஐபி கழுவல், அதாவது இயந்திரத்தைக் கழற்றாமலே உள்ளே கழுவுவது. இடையில் எந்த ஜோடிக்கு வெறும் தண்ணீர்க் கழுவல் போதும் என்பதைத் தரக்கட்டுப்பாட்டினர் ஸ்வாப், அதாவது துடைப்பு மாதிரி, எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். புது இயந்திரம் எதுவும் வாங்காமலேயே வாராந்திர ஓட்டம் சாத்தியமானது.

மென்பொருளில் அவர்களுக்கு உடனே தேவைப்பட்டது ஒரே ஒரு திரை: கிடங்கில் உள்ள ஒவ்வொரு தொகுதியும், எந்த வாடிக்கையாளருக்கு இன்னும் எத்தனை நாளைக்குள் கிளம்ப வேண்டும் என்று காலையில் காட்ட வேண்டும். ஏனென்றால் அடுத்து வந்த கடைச் சங்கிலி நான்கில் மூன்று பங்கு ஆயுள் கேட்டது. அப்படியென்றால் 45 நாள். நம் கையில் இருப்பது 11-லிருந்து 6 ஆகிறது. விற்பனைப் பிரிவு கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்:

மேலே எழுதிய சாருக்கு ஒரு சேர்க்கை. அந்த 5 நாளைக் குறைக்க வழி இருக்கிறது. 48 மணி நேரத்தில் முடிவு தரும் விரைவுப் பரிசோதனைத் தகடுகள் கிடைக்கின்றன. நம் பானத்தில் அவை பழைய முறைக்கு ஈடாக வேலை செய்கின்றன என்று முதலில் இரண்டு முறையையும் அருகருகே செய்து பார்த்து நிரூபித்துக்கொள்ள வேண்டும். 3 நாள் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் என் அக்கறை வேறு இடத்தில். அந்த 60 நாள் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். நான் பார்த்த ஒரு நிறுவனம் வெப்பத்தால் பதப்படுத்துவதை விட்டுவிட்டு எச்பிபிக்கு, அதாவது உயர் அழுத்த முறைக்கு மாற முடிவு செய்தது. சொந்த இயந்திரம் இல்லை; வெளியே கூலிக்குச் செய்து தருபவரிடம் அனுப்புவதாக ஏற்பாடு. விளம்பரப் பிரிவு அதற்குள் அழகான கண்ணாடி பாட்டிலைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்திருந்தது. எச்பிபியில் பாட்டில் தண்ணீருக்குள் சுமார் 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 6,000 மடங்கில், சில நிமிடங்கள் இருக்கும். பாட்டிலும் மூடியும் ஒடுங்கி மறுபடி விரிய வேண்டும், கண்ணாடி தாங்காது. செயல்முறையும் பாட்டிலும் லேபிளும் ஒரே கூட்டத்தில் முடிவாக வேண்டும் என்பதை அங்கேதான் எல்லோரும் உணர்ந்தார்கள்.

இன்னும் முக்கியமானது, எச்பிபி கிருமிகளைக் கொல்லும். ஸ்போர் எனப்படும் விதைவடிவக் கிருமிகளைக் கொல்லாது. அப்படி ஸ்போராகத் தப்பிக்கும் ஒன்றுதான் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமி. பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் வளராது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பானங்களில் அது தானாக அமைந்துவிடும். அதே நிறுவனம் அதே லைனில் கேரட் பானம் கொண்டுவர ஆசைப்பட்டது. கேரட் சாற்றின் பிஎச் 6-ஐ ஒட்டி இருக்கும். 2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கேரட் சாறு குடித்தவர்களுக்கு அந்த நஞ்சால் வரும் பொட்டுலிசம் வந்தது வரலாறு. வெப்பத்தால் பதப்படுத்திய சாறுதான்; குளிர் விட்டுப்போனதும் ஸ்போர்கள் வேலையைக் காட்டிவிட்டன. நான் அந்தப் பேச்சில் குரலை உயர்த்தியே பேசினேன். சுவைக்குழு எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, பிஎச் 4.2-க்குக் கீழே வந்த பிறகுதான் தேதி குறிக்கப்பட்டது. சுவை மாறியது உண்மை. அந்த மாற்றத்துக்கு ஒப்புக்கொண்ட நிறுவனர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தொழில்நுட்பம் என்று நான் கேட்டுப் பெற்றது இவ்வளவுதான்: ஒவ்வொரு தொகுதியின் பிஎச்சும் பிரிக்ஸும் (சர்க்கரை போன்ற கரைபொருளின் அளவு), அன்று காலை பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசலில் மீட்டரைச் சரிபார்த்த பதிவோடு உள்ளே ஏறாதவரை, அந்தத் தொகுதியைக் கிடங்கு ஏற்றவே முடியாதபடி கணினி பூட்டியிருக்க வேண்டும். 1996-ல் அமெரிக்காவில் பதப்படுத்தாத ஆப்பிள் சாற்றில் ஈ. கோலி கிருமி இருந்து ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகுதான், 2001-ல், சாறு நிறுவனங்கள் கிருமியை 1,00,000-ல் ஒன்றாகக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. ஆரோக்கியம் என்று லேபிளில் எழுதி விற்கிறோம். அந்தப் பூட்டு இல்லாமல் நான் எந்த வளர்ச்சித் திட்டத்துக்கும் சம்மதிக்க மாட்டேன்.

கிடங்கு மற்றும் விநியோகம்:

தொகுதி எண் பற்றி நான் சொல்ல வேண்டும். ஒரு பெரிய வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருவதற்கு முன் நாங்கள் ஒரு ஒத்திகை வைத்தோம். இஞ்சிச் சாறு டிரம் ஒன்றைக் காட்டி, "இது எந்தெந்த பாட்டிலுக்குள் போயிருக்கிறது, அந்த பாட்டில்கள் இப்போது எங்கே?" என்று கேட்டேன். பல உணவுப் பாதுகாப்புத் தரங்கள் இதற்கு 4 மணி நேரம்தான் தருகின்றன. டிரம்மிலிருந்து கலவைத் தொட்டி வரை தாள் பதிவு அழகாக இருந்தது. அங்கிருந்துதான் சிக்கல். நிரப்பி முடித்தபின் தொட்டியடியில் மிஞ்சியதை அடுத்த தொகுதியில் ஊற்றுவது வழக்கம். நல்ல சரக்கை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம். அப்படி ஊற்றியதை யாரும் எழுதி வைக்கவில்லை. எனவே ஒரு டிரம் என்று தொடங்கியது, அந்த மாதத்தின் எல்லாத் தொகுதிகளையும் சங்கிலியாக இழுத்துக்கொண்டு வந்தது. நிஜமாகவே திரும்பப் பெற வேண்டி வந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

இப்போது மிச்சத்துக்கும் தனித் தொகுதி எண் உண்டு. அதையும் ஒரு மூலப்பொருள் போலவே ஸ்கேன் செய்து சேர்க்கிறார்கள். வாரக் கடைசியில் சங்கிலியை அறுத்துவிடுகிறோம்: மிச்சம் எதுவும் அடுத்த வாரத்துக்குப் போகாது.

அட்டைப்பெட்டி பார்கோடைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஜிஎஸ்1 என்ற உலகப் பொது பார்கோடு முறையில் 01 பொருள் எண்ணுக்கு, 10 தொகுதி எண்ணுக்கு, 17 காலாவதித் தேதிக்கு. இந்த மூன்றும் ஒரே பார்கோடில் இருந்தால், முதலில் வந்தது முதலில் என்பதற்குப் பதில் முதலில் காலாவதியாவது முதலில் என்று அனுப்பக் கையில் உள்ள ஸ்கேனரே வழிகாட்டும். வாடிக்கையாளர் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்காதீர்கள்.

லாரியில் வைக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவிகளையும் வாங்குங்கள். எங்களுக்கு லாரியைவிட ஏற்றும் மேடைதான் வில்லன் என்று அவைதான் காட்டின. பலகைத்தட்டுகள் வெளியே வரிசையில் நின்ற நேரத்தில்தான் கோடு மேலே ஏறியிருந்தது.

மென்பொருள் நிறுவுபவர்:

நான் ஈஆர்பி நிறுவித் தருகிற ஆள். அதனாலேயே சொல்கிறேன், முதல் பதிவில் இருக்கும் வரிசை சரி.

ஒரு பான நிறுவனத்தில் பழைய விரிதாள்களிலிருந்து தரவை மாற்றும்போது, விற்பனைக் கோப்பில் பெட்டி என்றால் 12 பாட்டில், உற்பத்திக் கோப்பில் பெட்டி என்றால் 24. இரண்டு தரப்பும் இத்தனை காலம் இப்படியே ஓட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் நடுவில் ஒரு அம்மா இருந்தார். கணக்குப் பிரிவில் இருந்த அவர் இரண்டு எண்ணையும் மனதிலேயே மாற்றிவிடுவார். அவருடைய நோட்டில் இன்னொரு பொக்கிஷமும் இருந்தது: எந்தப் பழம் எந்தப் பருவத்தில் கிலோவுக்கு எவ்வளவு சாறு தரும் என்று அவரே எழுதி வைத்த அளவுகள். செய்முறைத் தாளில் இருந்த சாற்றளவு வருடம் முழுக்க ஒரே எண். கொள்முதல் ஏன் எப்போதும் தப்பாகிறது என்பதற்கு அந்த நோட்டுதான் பதில். நாங்கள் செய்முறையை முழுக்க எடை விகிதத்துக்கு மாற்றி, சாற்றளவைப் பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்து, அந்த நோட்டை வைத்துத்தான் மென்பொருளை நிரப்பினோம். அந்த அம்மாவைத் திட்டக்குழுவில் முழுநேர உறுப்பினராகப் போடாமல் நான் வேலையைத் தொடங்கவே இல்லை.

எடை ஏன் என்றால், சாறு தண்ணீரைவிடக் கனம். 12 பிரிக்ஸ் சாறு ஒரு லிட்டர் சுமார் 1.05 கிலோ வரும். லிட்டரில் வாங்கி, கிலோவில் கலந்து, மில்லிலிட்டரில் நிரப்பினால் இருப்பு ஒருநாளும் சரியாக வராது.

தேவைக் கணிப்புக்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். சலுகை விற்பனை நடந்த வாரங்களைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்பேன். குறிக்கவில்லை என்றால் எந்தக் கணிப்பும் அந்த உயரத்தைச் சாதாரண விற்பனையாக எடுத்துக்கொண்டு, குறுகிய ஆயுள் சரக்கைக் குவித்துவிடும்.

புதிதாகத் தொடங்கியவர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்சியும் மூலிகையும் ஊறவைத்த பானம் செய்கிறேன். 20 லிட்டர் பாத்திரத்தில் செய்து பழகியது, இப்போது 2,000 லிட்டர் தொட்டி வந்திருக்கிறது. எல்லாவற்றையும் 100 ஆல் பெருக்கினேன். நிறம் கருத்து, கசப்பு வருகிறது. பொருட்களில் மாற்றமே இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

உற்பத்தித் திட்டமிடுபவர்:

பொருட்களை விடுங்க, நேரத்தைப் பாருங்க தம்பி. கொள்ளளவு 100 மடங்கு ஆகும்போது, அதே வடிவத் தொட்டியின் மேற்பரப்பு சுமார் 21 மடங்குதான் ஆகும். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிரும் பரப்பு ஏறக்குறைய நாலரையில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சின்னப் பாத்திரம் அடுப்பை அணைத்ததும் தானே ஆறிவிடும். உங்கள் தொட்டி மணிக்கணக்கில் சூடாக நின்று மூலிகையின் கசப்பை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மூலிகையைப் பையில் கட்டிக் குறித்த நேரத்தில் வெளியே எடுங்கள், திரவத்தைத் தட்டு வெப்பமாற்றி வழியாகச் சட்டென்று குளிரவையுங்கள். நிரப்பும் லைனுக்குப் பணம் ஒதுக்கும் முன் இதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்த தொகுதி போடும்போது, அடுப்பை அணைத்த நேரத்திலிருந்து 10 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையையும், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மாதிரியும் எடுத்து வையுங்கள். கசப்பு எந்த மாதிரியில் தொடங்குகிறது என்று சொன்னால், எந்த அளவு வெப்பமாற்றி தேவை என்று சேர்ந்தே கணக்குப் போடலாம். பிஎச்சையும் எழுதி அனுப்புங்கள்; மேலே எழுதிய தரக்கட்டுப்பாட்டு மேடம் அதைத்தான் முதலில் கேட்பார்.