40 கி.மீ. எண்டியூரன்ஸ்: லாடமா, பூட்ஸா? வேகம் எவ்வளவு?

ஹெசரகட்டா வாசி:
பெங்களூரு அருகே தேவனஹள்ளி பக்கம் ஜனவரி கடைசியில் 40 கி.மீ. எண்டியூரன்ஸ், அதாவது நீண்ட தூரக் குதிரை ஓட்டம். 20 கி.மீ. சுற்று இரண்டு, நடுவில் 40 நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு சுற்றிலும் பாதி செம்மண், 3 கி.மீ. குவாரி ஜல்லிப் பாதை, மிச்சம் தார். ஏழு வயது மார்வாரி இனக் குதிரை, காயடித்தது. இதுவரை லாடம் இல்லாமல் செம்மண்ணில் மட்டும் ஓடிய குதிரை. லாடம் அடிப்பதா, குளம்பில் பூட்ஸ் மாட்டுவதா? சராசரி மணிக்கு 12 கி.மீ. தாங்குமா?

லாடப்பட்டறை:
இந்தத் தரைக்கு லாடம் நல்லது, இரும்பாகவே இருக்கட்டும். அலுமினியம் தாரிலும் ஜல்லியிலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஓட்டத்துக்கு 7 முதல் 10 நாள் முன்னால் அடியுங்கள். ஆணி உணர்வுள்ள பகுதியை நெருக்கினால் நொண்டல் சில நாளில் தெரியும், சரிசெய்ய அவகாசம் இருக்கும். முந்தின நாள் அடித்தால் அது பாதையில்தான் தெரியும்.

ஆணிகள் குளம்பின் அகலமான இடத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பின்னால் போனால் மிதிக்கும்போது குதிகால் விரிய முடியாது. லாடத்தின் கைகள் குதிகால் முனைவரை முழுசாக வர வேண்டும். குட்டை லாடம் பார்க்க அழகு, ஆனால் நாளடைவில் குதிகால் நசுங்கும். ஜல்லிக்காக லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் பேட் (தடுப்புத் தகடு) வைத்தால் உள்ளே சிலிகோன் நிரப்பியே ஆக வேண்டும். வெற்றிடம் விட்டால் பொடிக்கல் புகுந்து உள்ளங்காலையே அழுத்தும். அப்போது பேட் இல்லாமலே இருந்திருக்கலாம். தாரில் வழுக்காமலிருக்க ஒரு லாடத்துக்கு இரண்டு டங்ஸ்டன் முனை ஆணி போதும். அதற்கு மேல் போட்டால் கால் சட்டென்று நின்று மூட்டு அடிவாங்கும்.

பூட்ஸ்தான் வேண்டுமென்றால் குளம்பு சீவிய அன்றே அகலம், நீளம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். நீளம் அகலத்தைவிட அதிகமாக இருந்தால் வட்ட வடிவ பூட்ஸ் காலில் சுழன்றுகொண்டே இருக்கும். முதலில் 5 கி.மீ. ஓட்டிக் குதிகால் மேட்டில் முடி உதிர்கிறதா என்று பாருங்கள். உரசல் அங்கேதான் தொடங்கும். லாடம் அடித்தாலும், முன்காலுக்குப் பொருந்தும் பூட் ஒன்றைச் சேணத்தில் கட்டிக்கொள்ளுங்கள். லாடம் கழன்றால் அதுதான் கைகொடுக்கும்.

நீள ஓட்டக்காரர்:
12 சரிதான், ஆனால் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றுக்கு 2 கி.மீ. மணிக்கு 6-இல் நடை, மீதி 18 கி.மீ. மணிக்கு 13.5-இல் டிராட், அதாவது துள்ளுநடை. மொத்தம் 1 மணி 40 நிமிடம். இரண்டு சுற்றுக்கும் இதே அளவு. முதல் சுற்றில் கூட்டம் கிளம்பும் வேகத்தில் குதிரை இழுக்கும்; அங்கே மிச்சம் பிடிப்பதுதான் இரண்டாம் சுற்றில் கிடைக்கும்.

நடக்கும் அந்த 2 கி.மீ. எங்கே என்பதுதான் விஷயம். ஜல்லியின் மோசமான பகுதியில் ஒன்று, சுற்று முடியும் கடைசிப் பகுதியில் ஒன்று. ஜல்லியில் மீதியை 9, 10-க்குக் குறைத்து, செம்மண் சமதளத்தில் 14, 15 போய் ஈடுகட்டுங்கள். இறக்கத்தில் வேகம் வேண்டாம். சாதாரணமாகவே உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்காலில்தான் விழுகிறது. டிராட்டில் எழுந்து உட்காரும் பக்கத்தை (எந்த முன்கால் முன்னே வரும்போது எழுகிறீர்கள் என்பதை) ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மாற்றுங்கள்.

இதயமும் தசையும் சில மாதத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் குளம்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்காத குதிரை தாரில் 16 போவதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். நாடித் துடிப்பு மானிட்டர் இருந்தால் டிராட்டில் நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை வைத்திருங்கள். 160-ஐத் தாண்டி நீடித்தால் நடைக்கு இறக்குங்கள்.

கால்நடை டாக்டர்:
பன்னாட்டு விதியில் வெட் கேட்டில், அதாவது சுற்று முடிவில் மருத்துவர் குதிரையைச் சோதிக்கும் இடத்தில், 15 நிமிடத்துக்குள் நாடித் துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். உங்கள் போட்டியில் வரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியில் 10 நிமிடத்தில் இறங்காவிட்டால் அந்த வேகம் அதிகம், அல்லது எங்கோ வலி. வலியும் துடிப்பை ஏற்றும். அதனால் இறங்க மறுத்தால் முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள், கல் சிக்கியிருக்கலாம்.

வெயிலில் ஒரு மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வியர்வைகூடப் போகும். நீர்நிலை கண்ட இடத்தில் குடிக்க விடுங்கள். எலக்ட்ரோலைட் பேஸ்ட்டை (உப்புச்சத்துப் பசை) தண்ணீர் குடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். குடிக்காத குதிரைக்குக் கொடுத்தால் உப்பு குடலுக்குள் நீரை இழுத்து வறட்சியைக் கூட்டும். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது என்ற பழைய பயம் தேவையில்லை. கழுத்து, மார்பு, தொடை இடுக்கில் தொடர்ந்து ஊற்றுங்கள்.

இன்னொன்று. ஓய்வு நாளிலும் கொள்ளுத் தீவனத்தை அதே அளவு போட்டால் மறுநாள் வேலையில் பின்தசை இறுகி நின்றுவிடக்கூடும். ஓய்வு நாளில் கொள்ளுத் தீவனத்தைப் பாதியாக்கிப் புல்லைக் கூட்டுங்கள். தசை இறுகி நின்றால் நடக்க வைக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

ஹெசரகட்டா வாசி:
மூவருக்கும் நன்றி. முன்காலுக்கு மட்டும் லாடம் போட்டுப் பின்காலை வெறுமனே விடலாமா சார்?

லாடப்பட்டறை:
முழுக்கச் செம்மண்ணாக இருந்தால் விடலாம். இங்கே ஜல்லியும் தாரும் இரண்டு சுற்றிலும் சேர்ந்து 20 கி.மீ. வருகிறது. உந்தித் தள்ளுவது பின்கால்தான், அதன் முனை தேய்ந்தால் இரண்டாம் சுற்றில் நடை குறுகிவிடும். நாலு காலுக்கும் போடுங்கள். ஓட்டத்துக்கு முதல் நாள் மாலை ஒவ்வொரு ஆணியிலும் குளம்புக்கு வெளியே மடித்த முனையை விரலால் தடவி, தூக்கியிருந்தால் இறுக்கச் சொல்லுங்கள்.